சிவன் பெயரில் ஒரு நான்கு கொம்பு விலங்கு... அதைத் தோண்டி எடுத்த டாக்டர் ஃபால்கனர் கடைசிவரை தேடியது எதை?

தலையில் நான்கு கொம்பு. காலில் மாட்டுக்கு இருப்பதுபோலப் பிளந்த குளம்பு. தோள் வரைக்குமே உயரம் ஏறத்தாழ ஏழு அடி. எடை ஒரு டன்னுக்கு மேல். படத்தில் பார்த்தால் கடமான் மாதிரியும் இருக்கும், எருமை மாதிரியும் இருக்கும். ஆனா ரெண்டும் இல்லீங்க. இது ஒட்டகச்சிவிங்கியின் சொந்தக்காரன். கழுத்து மட்டும் நீளமில்லை, அவ்வளவுதான்.

இதன் பெயர் சிவாதீரியம். பேரில் இருப்பது நம்ம சிவன்தான். தீரியம் என்பது விலங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இமயமலையின் அடிவாரத்தில் உள்ள சிவாலிக் குன்றுகளில் இதன் மண்டை ஓடு கிடைத்தது. 1836-ல் உலகத்துக்கு இதை அறிமுகம் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டர் ஹியூ ஃபால்கனர். இன்னொருவர் கால்வாய் என்ஜினீயர் புரோபி காட்லி.

தொல்லுயிர் ஆய்வு படிப்பவர்களுக்கு ஃபால்கனர் பெரிய பெயர். மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஏன் அப்படி? பழைய விலங்குகளின் எலும்பைத் தேடிப் போனவர் மனிதனின் வயதைக் கேட்கும் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்? பார்க்கலாம் வாங்க.

ஒரு வருஷம் காத்திருந்ததால் மாறிய வாழ்க்கை

ஃபால்கனர் பிறந்தது 1808 பிப்ரவரி 29. அதனால் நான்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பிறந்தநாள். ஸ்காட்லாந்தின் வடபகுதியில் உள்ள ஃபாரஸ் என்ற சிறிய ஊர் அவருடையது. அபர்டீனில் பட்டம் வாங்கினார். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1829-ல் டாக்டர் ஆனார்.

அந்தக் காலத்தில் அங்கே மருத்துவம் முடித்த பல இளைஞர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலை ஒரு நல்ல வழி. ஆனால் கம்பெனியில் உதவி சர்ஜனாகச் சேர 22 வயது ஆகியிருக்க வேண்டும். இவருக்கு 21தான். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

லண்டனில் அவர் அந்தக் காலத்தைச் சும்மா கழிக்கவில்லை. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவர் நத்தானியேல் வாலிச் இந்தியாவிலிருந்து கொண்டுவந்திருந்த உலர்த்திய செடிகளை வகைப்பிரிக்க உதவினார். அத்தோடு, பர்மாவின் ஐராவதி ஆற்றங்கரையிலிருந்து வந்த புதைபடிவ எலும்புகளை லண்டன் புவியியல் கழகத்தின் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து ஆராய்ந்தார். செடியும் எலும்பும்... கடைசிவரை அவர் பிழைப்பும் ஆசையும் இந்த ரெண்டும்தான்.

1830-ல் கல்கத்தா வந்து இறங்கினார். அடுத்த வருஷம் மீரட்டில் வேலை. அங்கிருந்து சகாரன்பூர் போனபோது, அங்கே கம்பெனியின் தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜான் ஃபோர்ப்ஸ் ராயிலுடன் பழக்கம் ஏற்பட்டது. 1832-ல் ராயில் விலக, தோட்டத்தின் பொறுப்பு ஃபால்கனரிடம் வந்தது. அப்போது அவருக்கு 24 வயது. தோட்டத்துக்கு வடக்கே, கொஞ்ச தூரத்தில் சிவாலிக் குன்றுகள்.

சிவாலிக்கில் அப்படி என்ன இருந்தது?

இமயமலை உயர்ந்துகொண்டே போன காலத்தில், அதிலிருந்து இறங்கிய ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கூழாங்கல்லையும் அடிவாரத்தில் கொண்டுவந்து கொட்டின. லட்சக்கணக்கான ஆண்டுகளாக இது நடந்தது. ஆற்றோரம் செத்துப்போன விலங்குகளின் எலும்புகளும் அந்தப் படிவில் புதைந்து கல்லாகின. பிறகு நிலத்தின் அழுத்தத்தில் அந்தப் படிவுகளே மடிந்து மேலே எழும்பிக் குன்றுகளாக நின்றன. மழை பெய்யப் பெய்ய மண் கரையும், எலும்பு வெளியே தெரியும். அதுதான் சிவாலிக்.

இங்கே பெரிய எலும்புகள் கிடைப்பது உள்ளூர்க்காரர்களுக்குப் புதுசு இல்லை. 14-ம் நூற்றாண்டில் டெல்லி சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் கால்வாய் வெட்டியபோது ராட்சத எலும்புகள் கிடைத்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்டா எழுதி வைத்திருக்கிறார். அதில் சில மனித எலும்புகள் என்றும் அன்றைக்கு நம்பினார்கள். ஃபால்கனர் இந்தக் குறிப்பைப் படித்தார். கட்டுக்கதை என்று ஒதுக்கவில்லை. எலும்பு உண்மையாக இருக்கலாம், ராட்சதன்தான் கற்பனையாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டார்.

1834-ல் நாஹன் ராஜாவிடம் இருந்த ஒரு புதைபடிவ யானைப் பல், அந்தப் பகுதியில் கால்வாய்ப் பணியில் இருந்த பேக்கர் என்ற என்ஜினீயர் கைக்கு வந்தது. அவ்வளவுதான், பலரும் குன்றுகளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஃபால்கனரும் போனார். ஆறு மணி நேரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள் அவருக்குக் கிடைத்தன.

அவரோடு கைகோத்தவர்தான் காட்லி. பீரங்கிப் படையில் இருந்து வந்து யமுனைக் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பின்னாளில் ஹரித்வாரிலிருந்து கிளம்பும் கங்கைக் கால்வாயை வெட்டிப் பெயர் பெற்றவரும் இவரேதான். அந்தக் கால்வாய் 1854-ல் திறக்கப்பட்டது. இவர்களுக்காக எலும்பு பொறுக்கிக் கொண்டுவந்தவர்களில் உள்ளூர்க்காரர்கள் பலர். ஆனால் கட்டுரைகளில் வந்தது ரெண்டு பேர் பெயர் மட்டும்தான்.

தும்பிக்கை இருந்ததா, இல்லையா?

இப்போது ஒரு சிக்கல். எலும்பு குவியுது, ஆனா அது எந்த விலங்கின் எலும்பு என்று எப்படிச் சொல்வது? பாரிஸிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அருங்காட்சியகம் உண்டு, நூலகம் உண்டு. சகாரன்பூரில் ரெண்டும் கிடையாது. அதனால் சுற்றுவட்டாரத்தில் உயிரோடு திரிந்த விலங்குகளின் எலும்புக்கூடுகளைத் தாங்களே தயார் செய்து, கல்லான எலும்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அதாவது, காடுதான் அவர்களுக்கு அருங்காட்சியகம்.

இப்படித்தான் மார்க்கண்டா ஆற்றின் பள்ளத்தாக்கில் கிடைத்த ஒரு பெரிய மண்டை ஓட்டை ஆராய்ந்தார்கள். மார்க்கண்டேயர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஆறு அது. அங்கே கிடைத்த விலங்குக்குச் சிவன் பெயர் அமைந்ததை நம்மூர்க்காரர்கள் ரசிக்கலாம். பெயருக்கு நேரடிக் காரணம் சிவாலிக் மலைதான்.

பல்லைப் பார்த்தால் ஆடு, மாடு, மான் போல அசைபோடும் விலங்கு. ஆனால் உடம்பு யானை, காண்டாமிருகம் அளவுக்குக் கனம். முகம் குட்டையாக, மூக்கெலும்பு மேலே தூக்கி நின்றது. இதை வைத்து, இதற்குச் சின்னதாக ஒரு தும்பிக்கை இருந்திருக்கும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அசைபோடும் விலங்குகளுக்கும் யானை போன்ற தடித்தோல் விலங்குகளுக்கும் நடுவே இது ஒரு பாலம் என்றும் கருதினார்கள். பாரிஸில் இருந்த ஜெஃப்ராய் செயின்ட்-ஹிலேர் மட்டும் இது பழங்காலத்து ஒட்டகச்சிவிங்கி என்றார்.

இன்றைய முடிவு என்னன்னா, பாரிஸ்காரர் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கம். தும்பிக்கை கிடையாது. ஒட்டகச்சிவிங்கிக் குடும்பம்தான். ஆணுக்குக் கண்ணுக்கு மேலே ரெண்டு சின்னக் கூம்புக் கொம்பு, பின்னந்தலையில் ரெண்டு அகன்ற பெரிய கொம்பு. 2016-ல் லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் எலும்புகளை முப்பரிமாணத்தில் சேர்த்துக் கணக்கிட்டபோது, எடை ஏறத்தாழ 1,250 கிலோ என்று வந்தது. யானை அளவு இல்லை. ஆனாலும் உலகம் கண்ட மிகப்பெரிய அசைபோடும் விலங்குகளில் இதற்கு இடம் உண்டு. இந்தப் பேரினத்தின் எலும்புகள் ஆப்பிரிக்காவிலும் கிடைத்திருக்கின்றன.

சிவனோடு நிற்கவில்லை. குஜராத் கரையோரம் உள்ள பிரம் தீவில் கிடைத்த இன்னொரு கொம்பு விலங்குக்கு 1845-ல் ஃபால்கனர் வைத்த பெயர் பிரம்மாதீரியம். பின்னால் வந்த ரிச்சர்ட் லிடெக்கர் 1876-ல் ஒன்றுக்கு விஷ்ணுதீரியம் என்று பெயர் வைத்தார். மும்மூர்த்திகளும் ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்திலேயே சேர்ந்துவிட்டார்கள்!

1837-ல் லண்டன் புவியியல் கழகம் தன் உயரிய விருதான வொல்லாஸ்டன் பதக்கத்தை ஃபால்கனருக்கும் காட்லிக்கும் சேர்த்துக் கொடுத்தது. அப்போது ஃபால்கனருக்கு 30 வயதுகூட ஆகவில்லை.

குரங்கு இருந்ததென்றால், மனிதன்?

சிவாலிக்கில் யானை, நீர்யானை, ஒட்டகம், முதலை எல்லாம் கிடைத்தன. வண்டி அளவுக்கு ஓர் ஆமை கிடைத்தது. கூடவே குரங்கின் எலும்பும் கிடைத்தது. இதுதான் ஃபால்கனரைத் தூங்கவிடாத விஷயம்.

அதுவரை உலகில் எங்கேயும் குரங்கின் புதைபடிவம் உறுதியாகக் கிடைத்ததில்லை. குரங்கும் மனிதனும் கடைசியாக வந்தவர்கள், அழிந்துபோன பழைய விலங்குகளை அவர்கள் பார்த்ததே இல்லை என்பதுதான் அன்றைய பொதுவான எண்ணம். 1830-களின் நடுவில் சிவாலிக்கிலும் பிரான்ஸிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் குரங்குப் புதைபடிவங்கள் வெளிப்பட்டு, அந்த எண்ணத்தில் பாதியை உடைத்தன. அப்போ மீதிப் பாதி? சிவாதீரியம் மேய்ந்த உலகை மனிதனும் பார்த்திருப்பானா?

ராட்சத ஆமையைப் பற்றி லண்டனில் பேசியபோது ஃபால்கனர் நம் புராணத்தையே எடுத்துக்கொண்டார். உலகைத் தாங்கும் ஆமை என்ற கதைக்குப் பின்னால், அப்படி ஓர் ஆமையைக் கண்ணால் பார்த்த ஆதிமனிதனின் நினைவு இருக்குமோ என்று யோசித்தார். அது சரியான விடையில்லை. அந்த ஆமைக்கும் புராணம் சொன்ன மனிதர்களுக்கும் இடையே உள்ள காலம் மிக மிக நீளமானது. ஆனால் கேள்வி மட்டும் அவரை விடவே இல்லை.

டீ, பெருங்காயம், சின்கோனா

இதெல்லாம் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்தது. சம்பளம் வாங்கியது தோட்டக்காரராகத்தான். இந்தியாவில் டீ பயிரிட முடியுமா என்று 1834-ல் அரசு கேட்டபோது, இமயமலை அடிவாரம் ஏற்ற இடம் என்று சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். அந்தப் பகுதியின் முதல் சோதனைத் தோட்டங்கள் அவர் மேற்பார்வையில்தான் வந்தன.

1837-ல் காபூலுக்குப் போன பர்ன்ஸ் தூதுக்குழுவோடு பெஷாவர் வரை போனார். பிறகு காஷ்மீர், பால்டிஸ்தான் என்று பனிப்பாறைகள் வரை சுற்றினார். 1838-ல் அஸ்டோர் பள்ளத்தாக்கில் பெருங்காயச் செடி ஒன்றைக் கண்டு, அதைத் தாவரவியல் முறையில் விவரித்தார். நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கேட்டு வாங்குகிறோமே, அது எந்தச் செடியின் வேர் என்பதையும் காஷ்மீரில் அவர்தான் அடையாளம் காட்டினார். மலேரியாவுக்கான கொய்னா தரும் சின்கோனா மரத்தை இந்தியாவில் வளர்க்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களிலும் அவர் உண்டு. அந்த மரம்தான் பின்னால் நீலகிரியில் நடுவட்டம் பக்கம் தோப்பு தோப்பாக வளர்ந்தது.

இவ்வளவு அலைச்சலுக்கு உடம்பு தாங்கவில்லை. 1842-ல் நோய் விடுப்பில் கப்பல் ஏறினார். அவரோடு போனது 70 பெரிய பெட்டி உலர்ந்த செடிகள், 48 பெட்டிகளில் ஐந்து டன் எலும்புகள். காட்லியும் தன் பங்குக்கு இருநூறுக்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். சிவாலிக்கின் சிறந்த எலும்புகளைப் பார்க்க இன்றைக்கும் லண்டனுக்குப் போக வேண்டியிருப்பது இதனால்தான்.

முடியாமல் போன புத்தகம்

லண்டனில் சிவாலிக் விலங்குகள் பற்றிய பெரிய படப்புத்தகத்தைத் தொடங்கினார். 1846 முதல் 1849 வரை ஒன்பது பகுதிகளாகப் படங்கள் வந்தன. ஆனால் படங்களுக்கான விளக்கம் முதல் பகுதியோடு நின்றுவிட்டது. விடுப்பு முடிந்து மறுபடி இந்தியா. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பு, மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் பணி, பர்மாவில் டெனாசரிம் தேக்குக் காடுகளைப் பற்றி அறிக்கை... எலும்புகள் காத்திருந்தன.

ஃபால்கனரின் பலமும் பலவீனமும் ஒன்றுதான். ஞாபகசக்தி அபாரம். ஒரு பல்லைக் கையில் வாங்கினால் எந்த யானை, எந்தக் காலம் என்று சொல்லிவிடுவார். ஆனா எழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கிட்டே இருப்பார். இன்னும் ஒரு எலும்பைப் பார்த்துவிட்டு, இன்னும் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு என்று நாள் ஓடும். அவர் தலையில் இருந்தது தாளில் இறங்கவே இல்லை.

குகைக்குள் கிடைத்த பதில்

1855-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர், பழைய கேள்வியைக் கையில் எடுத்தார். 1858-ல் இங்கிலாந்தின் பிரிக்ஸம் ஊரில் கல் வெட்டும்போது ஒரு குகை வெளிப்பட்டது. யாரும் கலைக்காத குகை என்பதால் அதை முறைப்படி தோண்ட வேண்டும் என்று ஃபால்கனர் முயற்சி எடுத்துப் பணமும் ஏற்பாடு செய்தார். வில்லியம் பெஞ்செலி அடுக்கடுக்காகத் தோண்டினார். கெட்டியான சுண்ணாம்புப் படிவின் கீழே, அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய சிக்கிமுக்கிக் கல் கருவிகள் கிடைத்தன.

அந்த வருஷக் கடைசியில் சிசிலிக்குப் போகும் வழியில் பிரான்ஸின் அப்வில் ஊரில் இறங்கினார். அங்கே பூஷே டி பெர்த் என்ற சுங்க அதிகாரி, இதே மாதிரி கருவிகளைப் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார். பாரிஸ் அறிஞர்கள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. ஃபால்கனர் பார்த்தார், நம்பினார். உடனே புவியியலாளர் ஜோசப் பிரெஸ்ட்விச்சுக்குக் கடிதம் எழுதி நேரில் வந்து பார்க்கச் சொன்னார். 1859-ல் பிரெஸ்ட்விச்சும் ஜான் எவான்ஸும் போய்ச் சோதித்து, அது உண்மைதான் என்று லண்டனில் அறிவித்தார்கள். அழிந்த யானைகளின் காலத்திலேயே மனிதன் இருந்தான் என்பது அறிவியல் உண்மையானது.

அதன் அலை சென்னைக்கும் வந்தது. ஐரோப்பாவில் வெளிவந்த இந்தச் செய்திகளைப் படித்து ஆர்வம் கொண்டிருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆய்வே அங்கேதான் தொடங்குகிறது.

பெயர் யாருக்கு?

அதே 1863-ல் சார்லஸ் லயல் மனிதனின் தொன்மை பற்றி ஒரு புத்தகம் போட்டார். பரபரப்பாக விற்றது. பிரெஸ்ட்விச், பெஞ்செலி, தான் ஆகியோர் செய்த வேலைக்கு அதில் உரிய மதிப்பு தரவில்லை என்று ஃபால்கனர் கொதித்தார். பத்திரிகையிலேயே வெளிப்படையாக எழுதினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் எழுதி முடித்தவர் லயல்தான் என்பதும் நிஜம்.

தன் கருத்து தப்பு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ள அவர் தயங்கியதில்லை. அந்த வருஷமே அப்வில் பக்கம் பழைய மனிதத் தாடை என்று ஒன்று கிடைத்தது. முதலில் நம்பினார். லண்டன் திரும்பிக் கூர்ந்து பார்த்ததும் சந்தேகம் வந்தது. மோசடி என்று பகிரங்கமாகச் சொன்னார். டார்வினோடும் அப்படித்தான். யானை இனங்கள் நெடுங்காலம் மாறாமல் இருந்தன என்று காட்டி, டார்வின் கொள்கையை ஆரம்பத்தில் எதிர்த்தார். பிறகு பழைய இனங்களிலிருந்தே புதிய இனங்கள் வந்தன என்பதை ஏற்கும் அளவுக்கு இறங்கிவந்தார். ஆனாலும் எல்லாவற்றிலும் உடன்படவில்லை. அப்படியிருந்தும், 1864-ல் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் டார்வினுக்குப் போக வேண்டும் என்று வாதாடியவர்களில் ஃபால்கனர் முன்னால் நின்றார். பதக்கம் கிடைத்தது.

அதே ஆண்டில் அவர் கைக்கு ஒரு மண்டை ஓடு வந்தது. 1848-லேயே ஜிப்ரால்டரில் கிடைத்து, என்னவென்று தெரியாமல் கிடந்தது. புருவ எலும்பு புடைத்து, நெற்றி சரிந்திருந்தது. இது இன்றைய மனிதனிலிருந்து மாறுபட்ட பழைய மனிதன் என்று ஃபால்கனரும் ஜார்ஜ் பஸ்க்கும் புரிந்துகொண்டார்கள். ஜிப்ரால்டரின் பழைய பெயர் கல்பே. அதை வைத்து ஒரு பெயரும் யோசித்தார். நியாண்டர்தால் மனிதன் என்று இன்று சொல்கிறோமே, அதே இனம்தான். சிவாலிக்கில் தொடங்கிய கேள்விக்கு, வேறொரு மனிதனின் முகமே பதிலாக எதிரில் இருந்தது.

குகைகளைப் பார்க்க ஜிப்ரால்டர் போய்க் குளிர்காலத்தில் திரும்பியவரின் உடம்பு விழுந்தது. 1865 ஜனவரி 31 அன்று லண்டனில் இறந்தார். வயது 56. திருமணம் செய்துகொள்ளவில்லை. பெட்டி பெட்டியாகக் குறிப்புகள் மட்டும் இருந்தன. நண்பர் சார்லஸ் மர்ச்சிசன் அவற்றைச் சேர்த்து 1868-ல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அவருக்குத் தெரிந்ததில் எவ்வளவு அதில் வந்தது, எவ்வளவு அவரோடு போனது என்று யாராலும் அளக்க முடியாது.

இமாச்சலப் பிரதேசத்தில் நாஹன் பக்கத்தில், மார்க்கண்டா ஆற்றுப் படுகையில் உள்ள சாகேட்டியில் 1974-ல் ஒரு புதைபடிவப் பூங்கா அமைத்தார்கள். சிவாலிக்கில் வாழ்ந்த விலங்குகளின் முழு உருவ மாதிரிகள் அங்கே நிற்கின்றன. அந்தப் பக்கம் போனால் ஒரு நடை பார்த்துவிட்டு வாங்க. ஒவ்வொரு மழைக்கும் அந்தக் குன்றுகள் இன்னும் கரைந்துகொண்டுதான் இருக்கின்றன.